குடியை நிறுத்தியவருக்கான அகாம்ப்ரோசேட் 333 மி.கி. மாத்திரை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நெடுநாள் குடிக்கு ஏற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. நரம்பு இணைப்புகளில் அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் ஏற்பிகள் (அதன் சைகையை வாங்கும் இடங்கள்) மந்தமாகும். தூண்டிவிடும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தின் என்எம்டிஏ வகை ஏற்பிகள் பெருகும். குடியைச் சட்டென நிறுத்தினால் பிரேக் போய் ஆக்சிலேட்டர் மட்டும் மிஞ்சும். நடுக்கம், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 2-4 நாளில் டெலிரியம் என்ற கடும் மனக்குழப்பம் வரலாம்.

அந்த அவசரத்துக்கு இந்த மாத்திரை உதவாது. அங்கே மருத்துவக் கண்காணிப்பில் டயசெபாம் வகை அமைதிப்படுத்தும் மருந்தும் தயமினும் (வைட்டமின் பி1) தான். அதன்பின் நீளும் குளுட்டமேட் கொந்தளிப்பைத் தணித்து, குடிக்காமல் இருக்கத் துணை நிற்பதே இதன் வேலை என்று கருதப்படுகிறது.

வேளைக்கு 2, நாளுக்கு 3 வேளை. ஆறு மாத்திரை! பெரிய குறை இதுதான். மதிய வேளை எளிதில் விட்டுப்போகும். உடைத்தால், பொடித்தால் குடலில் கரைய வேண்டிய உறை கெடும். ரத்தத்தில் அளவு நிலைபெற சுமார் 5 நாள் ஆகும், அதற்குள் 'பலனில்லை' என்று தூக்கிப்போடுவது அவசரம். வயிற்றுப்போக்கு சகஜம்.

கல்லீரலில் சிதையாதது நல்ல பிளஸ். சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு பார்க்க வேண்டும்: அதிலிருந்து கணக்கிடும் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 30-க்கு மேல் 50 மி.லி. வரை என்றால் வேளைக்கு ஒன்று. 30 அல்லது அதற்குக் கீழ் கூடவே கூடாது. குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிராம் மருந்து போன்றதல்ல இது. இடையில் சறுக்கினாலும் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.