கெட்டுப்போன மவுஸ் வீலை எந்த இடத்தில் தடுப்பது?

கீழே உருட்டினால் பக்கம் மேலே ஏறும். கை வைக்காமலே மேசை அதிர்ந்தால் ஒரு படி நகரும். வீல் சுழல்வதைச் சிக்னலாக மாற்றும் என்கோடர் என்ற பாகத்தின் தொடுமுனைகள் தேய்ந்தோ தூசி படிந்தோ போனால் இப்படி ஆகும். அது தரும் இரண்டு சிக்னல்களில் எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் திசை முடிவாகிறது. தொடுமுனை துள்ளினால் அந்த வரிசை குழம்பிவிடும். படிக்கும்போது வரும் எரிச்சல்தானே என்று நாள் கடத்தினேன். ஒரு நாள் பில் போடும்போது வரிப் பட்டியலில் 5 சதவீதம் என்று தேர்ந்தெடுத்தேன். கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் அது 18 ஆகியிருந்தது. அன்றைக்கே வீலை நிறுத்த உட்கார்ந்துவிட்டேன்.

விண்டோஸில் மிகச் சுலபமான வழி ரெஜிஸ்ட்ரி, அதாவது சிஸ்டத்தின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம். வீலின் ஒரு படிக்குப் பக்கம் எத்தனை வரி (லைன்) நகர வேண்டும் என்ற எண் அங்கே இருக்கிறது. வழக்கமாக 3, அதை 0 ஆக்கலாம். பின்னணியில் எந்த நிரலும் ஓட வேண்டாம். ஆனால் வீல் அனுப்பும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும், அந்த எண்ணை மதிப்பது அந்தந்த மென்பொருளின் பொறுப்பு. வீலை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளுக்கு எத்தனை லைன் என்ற கணக்கே தேவையில்லை. அதனால் இதைப் பாதி வைத்தியம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ஹூக். மவுஸ் நிகழ்வு எந்த ஜன்னலுக்கும் போய்ச் சேரும் முன்பே இடையில் பிடித்து, செய்தி எண் 522 ஆக (வீல் உருண்டது என்று பொருள்) இருந்தால் விழுங்கிவிடுவது. பக்கவாட்டில் உருளும் வீலுக்கு 526. விசை, மவுஸ் செயல்களை மாற்ற உதவும் ஆட்டோஹாட்கீ என்ற நிரலில் இது இரண்டே வரி: வீல் மேலே போனால் ஒன்றும் செய்யாதே, கீழே போனாலும் ஒன்றும் செய்யாதே. சி ஷார்ப் நிரல்மொழியில் நானே எழுதியும் பார்த்தேன். ஐம்பது வரிக்குள் முடிந்தது, ஆனால் அதில் இரண்டு குழிகள். ஹூக்குக்குக் கொடுத்த டெலிகேட்டை (எந்தச் செயல்பாட்டை அழைப்பது என்று சுட்டும் பொருளை) ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் அதைத் துடைத்துவிடும், நிரல் திடீரென விழும். ஹூக்குக்குள் பிரேக்பாயின்ட் (நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும் இடம்) வைத்தால் மவுஸே உறைந்துவிடும். ஹூக்கின் பதில் தாமதமாகிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் 7 முதல் சிஸ்டமே சத்தமில்லாமல் ஹூக்கைக் கழற்றிவிடுகிறது. கற்றுக்கொள்ள விரும்பினால் நீங்களே எழுதுங்கள். வேலை நடந்தால் போதும் என்றால் ஆட்டோஹாட்கீயே போதும். இரண்டிலும் ஒன்றை மறக்க வேண்டாம்: சாதாரண உரிமையில் ஓடும் ஹூக், அட்மினாக ஓடும் ஜன்னல் முன்னால் இருக்கும்போது வேலை செய்யாது.

ஹூக்கின் உண்மையான குறை வேறு. நிகழ்வு எந்த மவுஸிலிருந்து வந்தது என்ற விவரம் அதற்குக் கிடைக்காது. கெட்ட மவுஸை அடைக்கப் போய், பக்கத்தில் செருகிய நல்ல மவுஸின் வீலும் அடைபட்டுவிடும். டச்பேடில் இரண்டு விரலால் தள்ளுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். சாதனம் வாரியாகப் பிரிக்க வேண்டுமானால் டிரைவர் மட்டத்துக்கு இறங்க வேண்டும். ஒரு தேய்ந்த வீலுக்காக சிஸ்டத்தின் மையமான கர்னலில் கை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

லினக்ஸ்காரர்களுக்கு இங்கே நல்ல வசதி. லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல், வீலின் மேல், கீழ் நகர்வைக் குறிக்கும் 4, 5 பொத்தான்களை 0 ஆக்கும் பழைய வழியை, ஸ்மூத் ஸ்க்ரோலிங் பயன்படுத்தும் ஜிடிகே (ஜன்னல், பொத்தான் வரையும் நூலகம்) செயலிகள் கண்டுகொள்வதில்லை, அதை விட்டுவிடுங்கள். மவுஸ், விசைப்பலகையைக் கையாளும் லிப்இன்புட் நூலகத்தின் குவர்க்ஸ் கோப்பில் (குறிப்பிட்ட சாதனங்களுக்கான விதிவிலக்குகளை எழுதும் கோப்பு) அந்த ஒரு மவுஸின் பெயரைக் குறிப்பிட்டு, வீல் நிகழ்வையும் அதன் ஹைரெசல்யூஷன் ஜோடியையும் (அதே நகர்வை இன்னும் நுணுக்கமாகச் சொல்லும் நிகழ்வு) கழித்துவிட்டால், புதிய திரை அமைப்பான வேலேண்டிலும் அது அடங்கும். மற்ற மவுஸ்களுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, வீல் முழுக்கச் சாகாமல் அவ்வப்போது மட்டும் எதிர்த்திசையில் துள்ளுகிறதா? அப்படியென்றால் அடைக்க வேண்டாம், வடிகட்டுங்கள். முந்தைய படிக்குப் பின் 150 மில்லிசெகண்டுக்குள் எதிர்த்திசையில் வரும் படியை மட்டும் விழுங்குமாறு அதே ஹூக்கில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். நான் இப்போது வைத்திருப்பது அதைத்தான். வரிப் பட்டியல் இருக்கும் பில் ஜன்னலில் மட்டும் வீல் முழுதாக அடைபட்டிருக்கிறது.