சி.ஆர்.எம். பயிற்சி: வகுப்பறையோடு நின்றால் வாங்க வேண்டாம்

விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளுக்கு வாங்கித் தரும் சி.ஆர்.எம். பயிற்சி (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது விமானக் குழுவினர் ஒருவருக்கொருவர் தயங்காமல் பேசிக் கூட்டாகச் செயல்படப் பழகுவது) பெரும்பாலும் ஓரிரு நாள் வகுப்பு, சில விபத்துகளின் அலசல், கடைசியில் சான்றிதழ். அவ்வளவுதான் என்றால் பணம் வீண்.

2010 மே 22, மங்களூரு. விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே, அதிக வேகத்தில் இறங்கி வந்தது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொன்னார், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே ஏறச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. இறந்தவர்கள் 158 பேர். துணை விமானிக்கு வாய் இருந்தது. சொல் எடுபடாதபோது கை என்ன செய்ய வேண்டும்? நல்ல பயிற்சி அதைத்தான் பழக்க வேண்டும்.

வகுப்பில் உருப்படியான பகுதி நான்கு படிச் சொல்முறை. முதலில் கேள்வி: "கேப்டன், உயரம் சரிதானா?" அடுத்து எச்சரிக்கை: "கிளைடு ஸ்லோப்புக்கு (இறங்க வேண்டிய சரிவுப் பாதைக்கு) மேலே இருக்கிறோம்." பிறகு எதிர்ப்பு: "இப்படியே போனால் ஓடுபாதை போதாது, கோ-அரவுண்ட்." கடைசியில் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது. ஆனால் படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்று கற்பிப்பது ஆபத்து. நிமிடத்துக்கு 700 அடி இறங்கும் விமானத்துக்கு 500 அடியில் மிஞ்சுவது நாற்பது விநாடி சொச்சம். அங்கே நேரே மூன்றாம் படிதான்.

சிமுலேட்டர் பகுதியில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். நிலைப்படாத அப்ரோச்சை (உயரமோ வேகமோ சரியாக அமையாமல் ஓடுபாதையை நெருங்குவதை) விடாமல் தொடர வேண்டும், பதிலும் சொல்லக்கூடாது என்று கேப்டனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைப்பார்கள். துணை விமானி இரண்டு முறை அழைத்தும் கேப்டனிடமிருந்து பதில் இல்லையென்றால் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் குறை பளிச்சென்று தெரியும்: சொற்கள் பிசகாமல் வரும், கை மட்டும் தொடையை விட்டு எழாது. ஒரு முறை செய்து பார்த்தால் போதாது, கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

துணை விமானிகளை மட்டும் அனுப்பும் நிறுவனங்கள் பாதி மருந்தைத்தான் வாங்குகின்றன. கேப்டனும் அதே அறையில் உட்கார வேண்டும். புறப்படும் முன் பிரீஃபிங்கில் "நான் தவறினால் உடனே சொல்லுங்கள்" என்று அவர் வாயால் சொல்லிப் பழக வேண்டும். பயிற்சிக்குப் பின் நடக்கும் அலசலில் கேப்டன் தன் பிழையை முதலில் சொன்னால் மற்றவர் நாக்கு தானாக அவிழும். பதவி உயர்வில் கையெழுத்துப் போடுபவரே மதிப்பிட உட்கார்ந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். கோ-அரவுண்ட் போனதற்காக யாரிடமும் விளக்கக் கடிதம் கேட்கப்படாது என்ற வரி அதில் இல்லையென்றால், பயிற்சியை வாங்கும் முன் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.