ஸ்லீவா, பைபாஸா? மண்டபத்திலிருந்து பார்த்தால்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் எடை குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டோம். நான் ஸ்லீவ், என் மதினி பைபாஸ். எனக்கு மூன்று வருடம் ஆகிறது, மதினிக்கு நாலரை. இரண்டும் மதுரையில்தான் நடந்தது. நான் ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். உச்சிப்புளி, பாம்பன் பக்கமிருந்து யாராவது வந்து "எதைப் பண்ணலாம்?" என்று கேட்டால் ஸ்லீவ் என்றுதான் சொல்கிறேன். எல்லோருக்கும் அப்படிச் சொல்ல முடியாது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

யாருக்குச் செய்வார்கள் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் நாட்டு டாக்டர்கள் பெரும்பாலும் பார்ப்பது பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 37.5க்கு மேலா என்று. சுகர், பிரஷர் போல ஏதாவது இருந்தால் 32.5. நான் 168 செ.மீ. உயரத்துக்கு 121 கிலோ இருந்தேன், கிட்டத்தட்ட 43. இன்சூரன்ஸ் கணக்கு வேறு: 2019 விதிப்படி 40, அல்லது கட்டுக்கடங்காத சுகர், இதய நோய் போன்றவை இருந்தால் 35. பாலிசியைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போய்விடும். குடலைத் தொடுவதில்லை. ஆனால் வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் மேலே முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை வைத்து, சிறுகுடலை வெட்டி அதில் இணைக்கிறார்கள். சோறு மற்ற இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் நேரே கீழே போகும். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தில் பைபாஸ் கொஞ்சம் முந்தும். பின்லாந்தில் 240 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கூடுதலாக இருந்த எடையில் பைபாஸ்காரர்களுக்கு இறங்கியது நடுமதிப்பாக (மீடியன்) 50.7 சதவீதம், ஸ்லீவ்காரர்களுக்கு 43.5. நான் 79 வரை இறங்கி இப்போது 84இல் நிற்கிறேன். இந்த வித்தியாசத்துக்காக மட்டும் நான் பைபாஸ் எடுக்க மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஆபரேஷனுக்கு அப்புறம் வருகிற பராமரிப்பு.

மதினி வீட்டு அடுப்படி அலமாரியில் நாலு அறை உள்ள ஒரு பிளாஸ்டிக் மாத்திரை டப்பா இருக்கும். காலையில் இரும்பு. டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது என்பதால் டீ தள்ளிப்போகும். கால்சியத்தை இரும்போடு சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதுவும் கால்சியம் சிட்ரேட் என்று கேட்டு வாங்கணும். மெடிக்கலில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது கார்பனேட், அமிலம் குறைந்த வயிற்றில் அது அவ்வளவாகச் சேராது. அப்புறம் பி12, டி, ஒரு மல்டிவிட்டமின். குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை. இது ஆயுளுக்கும்.

மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது ஒரு செலவு, அவ்வளவுதான். எங்கள் கரையில் அப்படி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், வருமானம் நிற்கும். மதினிக்கு மூன்றாவது வருடம் அது. அதற்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாக மாத்திரையை விட்டிருந்தார். தடைக்காலத்தில் மொத்தமாக நிறுத்திவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. "உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு தம்பி, பிள்ளை ஃபீஸ்தான் முதல்ல தெரிஞ்சுச்சு" என்று பின்னால் சொன்னார். செப்டம்பரில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஹீமோகுளோபின் 7.9, பி12 தரையில். இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள், பி12 ஊசி தொடர்ந்து போட்டார்கள். அந்த ஊறல் போக மாதக்கணக்காயிற்று. நரம்பு விஷயம், இன்னும் தள்ளியிருந்தால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

வலி மாத்திரை இன்னொன்று. வலை இழுக்கிற வீடு, யாருக்காவது தோள் வலி இல்லாத நாள் கிடையாது. கடையில் டைக்ளோபினாக்கோ புரூஃபனோ வாங்கி எல்லோரும் போடுவோம். பைபாஸ் ஆனவர் அதைத் தொடக்கூடாது, இணைத்த இடத்தில் புண் வந்துவிடும். பீடி, சிகரெட்டும் அப்படியே. எங்கே போனாலும் இப்படி ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லணும்.

ஸ்லீவுக்கு இதெல்லாம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் ஆயுளுக்கும் மாத்திரை உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு. பி12 குடலில் சேர உதவுகிற பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது, அந்த இரைப்பையே முக்கால்வாசி போய்விட்டதே. ஆனாலும் குடல் முழுசாக இருப்பதால் சறுக்கினால் தாங்குகிற இடம் கொஞ்சம் கூடுதல். நானும் ஒரு சமயம் இரண்டு மாதம் விட்டிருக்கிறேன், ரிப்போர்ட் பெரிதாக இறங்கவில்லை. மூன்று வருட அனுபவம் இது, இருபது வருடத்துக்கு என்னால் ஜாமீன் சொல்ல முடியாது.

ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பார்கள். அதில் நமக்குக் கவலை இல்லை. நெத்திலியும் சூடையும் பவுடர் டப்பாவைவிட மலிவு, தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வரும். முள் எடுத்து, மசித்த மாதிரி மென்று, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர்.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. இங்கிருந்து மதுரைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். உள்ளே இரைப்பைத் தையலில் கசிவு வந்தால் காய்ச்சல், படபடப்பு, வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி என்று காட்டும். அது மணிக்கணக்கில் முற்றுகிற விஷயம். வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். முதல் பத்து, பதினைந்து நாள் மதுரையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். வாந்தி நிற்காமல் போனாலும் காத்திருக்காதீர்கள், பி1 சத்து குறைந்தால் மூளை வரை பாதிக்கும். பெண்கள் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடணும்.

சரி, ஸ்லீவ் யாருக்கு வேண்டாம்? நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு. பின்லாந்து ஆய்விலேயே பத்தாவது வருடம் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தபோது உணவுக்குழாயில் புண் ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம், பைபாஸ்காரர்களில் 7. எனக்கே இப்போது ராத்திரி பிந்தி மீன் குழம்பு சாப்பிட்டால் எரிகிறது, தலையணையை உயர்த்தித்தான் படுக்கிறேன். முதலில் விசாரித்த ஓர் இடத்தில் எண்டோஸ்கோபி தேவையில்லை என்றார்கள். அங்கே செய்துகொள்ளவில்லை. முன்னாலேயே குழாய் போட்டுப் பார்க்காமல் ஸ்லீவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

மதினிக்குப் பைபாஸ் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். பதினோரு வருடச் சுகர், தினம் இரண்டு வேளை இன்சுலின், கூடவே நெஞ்செரிச்சல். ஒரே மாதத்தில் இன்சுலின் நின்றது, எரிச்சலும் போனது. இனிப்பு மட்டும் ஆகாது. கீழக்கரை கல்யாணத்தில் ஒரு துண்டு தொதல் சாப்பிட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, கல்யாண மண்டபத்து நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால் வருவது அது. மினி பைபாஸ் என்று ஒன்றும் செய்கிறார்கள். செய்துகொண்டவரை நான் பக்கத்தில் பார்த்ததில்லை, அதனால் அதைப் பேசவில்லை.

உங்களுக்கும் மதினி போலச் சுகரும் எரிச்சலும் சேர்ந்திருந்து டாக்டர் பைபாஸ்தான் என்றால் தயங்காதீர்கள். ஆனால் மாத்திரைப் பணத்தைக் கடல் வருமானத்தில் தொங்கவிடாதீர்கள். மதினி இப்போது மாசியிலேயே சீட்டுப் பணத்தில் ஒதுக்கிவிடுகிறார். ஏப்ரல் பிறக்கும்போது மூன்று மாத மாத்திரை அந்த அலமாரியில் இருக்கும்.