ஊசி, உப்புத் தண்ணீர், ஒரு மணி நேரப் படிப்பு: அலர்ஜிக்கு அக்குபங்சர் எடுத்துக்கொண்ட அனுபவம்

தும்மலையும் மூக்கடைப்பையும் ஒரு வியாதி என்று சொல்ல வடசென்னையில் யாருக்கும் வாய் வராது. "சளி பிடிச்சிருக்கு", "தூசு ஒத்துக்கல", அதோடு சரி. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. ஐப்பசி மழை தொடங்கினால் மூக்கு ஒழுகும். மார்கழியில் அடைத்துக்கொள்ளும். போகியன்று கண் சிவந்து வீங்கும். மாசி பிறந்தால்தான் கொஞ்சம் விடும். வேலை பார்ப்பது தம்புச்செட்டித் தெருவில், ஒரு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆபீஸில். பழைய பைல் கட்டு ஒன்றைப் பிரித்தால் போதும், தும்மல் நிற்காது.

எனக்கு இரண்டு ஆசைகள். குரூப் 2 எழுதித் தேற வேண்டும், நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டுக்கும் எனக்கென்று கிடைப்பது விடியற்காலை மட்டும்தான். அந்த விடியற்காலையைத்தான் வருஷத்தில் நாலு மாதம் மூக்கு பிடுங்கிக்கொள்ளும். லெவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டால் தும்மல் அடங்கும், ஆனால் மறுநாள் காலை புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் மண்டையில் ஏறாது. போடாவிட்டால் தலையணையை விட்டுத் தலையே எழும்பாது. ஆவணியில் ஆசையாகப் போட்ட அட்டவணை கார்த்திகைக்குள் கிடப்பில் போய்விடும். வருஷா வருஷம் இதே கதையாக இருந்த அலுப்பில்தான் அக்குபங்சருக்குப் போனேன். இரண்டு மழைக்காலம் தாண்டியாயிற்று, மூன்றாவது நெருங்குகிறது. இப்போது எழுதினால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். ஊசிக்குப் போவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனையைச் செய்துகொண்டேன். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்துவார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடிக்கும். அலர்ஜி மாத்திரை எதையும் அதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தடித்தவை வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியும் கரப்பானும் பூஞ்சையும். சீமைக் கருவேல மகரந்தம் கொஞ்சம்.

இந்தச் சோதனை எனக்கு நிறையப் புரியவைத்தது. அலர்ஜி சீசன் என்று தேடினால் பூக்கும் பருவம், புல் மகரந்தம் என்று வேறு நாட்டுக் கதைதான் வரும். நம் பக்கத்து சீசன் ஈரத்தால் வருவது. காற்றில் ஈரம் கூடினால் தூசு உண்ணியும் பூஞ்சையும் பெருகும். வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஓதம் காக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். அப்புறம் மார்கழி. குளிர்ந்த காலையில் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் அப்படியே தங்கும். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் புகை, எண்ணூர், மணலி பக்கத்துக் காற்று, தெருவில் குப்பை கொளுத்தும் புகை எல்லாம் அந்த நேரத்தில் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். நான் ஓடுவதற்குத் தேர்ந்தெடுத்திருந்ததும் அதே நேரம்தான்.

அக்குபங்சர் நம் நாட்டுக்கு ரொம்பப் புதிதில்லை. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில், டாக்டர் கோட்னிஸோடு போனவர் டாக்டர் பி.கே. பாசு. அவர்தான் 1959-ல் இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது 2019-ல். தமிழ்நாட்டிலோ இரண்டு வகையும் அக்குபங்சர் என்ற ஒரே பெயரில்தான் நடக்கிறது: ஊசி குத்துவது ஒன்று, நாடி பார்த்து விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அனுப்புவது இன்னொன்று. நான் தேடியது ஊசி போடுகிறவரை, அதுவும் முறையாகப் படித்தவரை. பெரம்பூரில் கிடைத்த டாக்டரம்மா பி.என்.ஒய்.எஸ். முடித்தவர். இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு அது, அதிலேயே அக்குபங்சரும் ஒரு பாடம்.

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்டு வந்தியாமா?" வெறும் வயிற்றோடு படுத்தால் சிலருக்குத் தலை சுற்றும், மயக்கம்கூட வரும். அடுத்து என் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். "எதையும் நீயா நிறுத்தாத. குறைக்கணும்னா உன் டாக்டர் குறைக்கட்டும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரிடம் தொடர்ந்தேன்.

ஊசி ரொம்ப மெல்லியது, கால் மில்லிமீட்டர் அளவு தடிமன்தான். ஒருமுறைதான் பயன்படுத்துவார், சீல் வைத்த பாக்கெட்டை என் கண் முன்னால்தான் பிரிப்பார். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து, மேலே விரலால் ஒரு தட்டு. குத்தியது பல நேரம் தெரியாது. அதற்குப் பிறகு அவர் ஊசியை மெல்லத் திருகும்போதுதான் உள்ளே ஒரு கனம் இறங்கும், மரத்த மாதிரி, இழுக்கிற மாதிரி. அதை 'தே ச்சி' என்பார்கள், அது வந்தால்தான் ஊசி சரியாக இறங்கியதாகக் கணக்கு. எனக்கு வழக்கமாகப் போடும் இடங்கள்: மூக்கின் இரண்டு பக்கமும் நாசி மடிப்பில் 'யிங்சியாங்', புருவ மத்தியில் 'யின்தாங்', கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச் சதையில் 'ஹெகு', முழங்காலுக்குக் கீழே 'சூசான்லி'. மூக்கோரத்து ஊசிதான் சுருக்கென்று கண்ணில் தண்ணீர் வரவைக்கும். அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். பல நாள் அங்கேயே மூக்கு ஒரு பக்கம் திறந்துவிடும், ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி அடைக்கும். முதல் சில வாரம் இப்படித்தான் போனது. ஹெகு புள்ளியைக் கர்ப்பிணிகளுக்குத் தொட மாட்டார்கள், மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பலன் இருந்ததா? இருந்தது, ஓரளவுக்கு. ஒரு மாதம் தாண்டியபோது காலைத் தும்மல் அடுக்கு குறைந்தது. மாத்திரை தினமும் என்பது போய், தேவைப்பட்ட நாளுக்கு மட்டும் என்று ஆனது. தூக்கம் நன்றாக வந்தது. ஆனால் வாரா வாரம் போவதை நிறுத்திய பிறகு அந்த நன்மை மெல்லக் கரைந்துவிட்டது. இது என் உடம்பின் கோளாறு என்று நினைத்திருப்பேன், 2013-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் படிக்காமல் இருந்திருந்தால். மகரந்த அலர்ஜி உள்ள 422 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிஜ ஊசி, ஒன்றுக்குப் போலி ஊசி, ஒன்றுக்கு மாத்திரை மட்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் பன்னிரண்டு அமர்வு. எட்டாவது வாரம் நிஜ ஊசிக்காரர்கள் மற்ற இரண்டு பிரிவையும்விட நன்றாக இருந்தார்கள், மாத்திரையும் குறைவு. பதினாறாவது வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. அவர்களுக்குப் பிர்ச் மரமும் புல்லும், எனக்கு ஓதமும் தூசியும் என்றாலும், என் அனுபவமும் இதே வடிவத்தில்தான் இருந்தது. அதனால் இரண்டாவது வருஷம் கோடையில் போவதை விட்டுவிட்டேன். புரட்டாசியில் தொடங்கி மழைக்காலம் முழுக்க மட்டும் போனேன். காசும் மிச்சம், பலனும் வேண்டிய நேரத்தில் கிடைத்தது.

என் நோக்கங்களைக் காப்பாற்றியது ஊசி மட்டும் இல்லை. சீன மருத்துவம் வருஷத்தைப் பார்க்கும் பார்வைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இரண்டாயிரம் வருஷப் பழமையான 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற அவர்களுடைய மூலநூல், நாலு பருவத்துக்கும் நாலு விதமாகத் தூங்கி எழச் சொல்கிறது. குளிர்காலத்தில் சீக்கிரம் படு, வெயில் வரும்வரை காத்திருந்து எழு என்கிறது. டாக்டரம்மா இதைச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. மார்கழியில் இருட்டோடு எழுந்து குளித்துக் கோலம் போடுகிற வீடு எங்களுடையது. அம்மாவிடம் சொன்னால், "ஊரே எந்திரிச்சி கோயிலுக்குப் போகும்போது நீ போத்திட்டுப் படுப்பியா?" என்றாள். சீனத்துக் குளிரும் நம் மார்கழியும் ஒன்றில்லை என்பதும் உண்மைதான். ஆனால் என் மூக்கின் கணக்குக்கு அந்த நூல் சொன்னது அப்படியே பொருந்தியது. வெயில் ஏறினால் தரையோரப் புகை கலைகிறது.

அதிலிருந்து அட்டவணையை வருஷம் முழுக்க ஒரே மாதிரி போடுவதை விட்டேன். பங்குனி முதல் புரட்டாசி வரை காலையில் ஓட்டம், கடினமான பாடம், கணக்கு எல்லாம். ஐப்பசி முதல் தை வரை காலையில் எழுவதே ஆறரைக்கு. படிப்பு மதிய உணவு இடைவேளையில் அரை மணி, ராத்திரி அரை மணி, அதுவும் ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்ப்பது மட்டும். ஓட்டத்துக்குப் பதில் ராபின்சன் பூங்காவில் சாயங்கால நடை. 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த அதே பூங்கா. மழையில் அந்தக் கூட்டம் நடந்ததைப் பற்றிக் கதை சொல்லும் பெரியவர்களோடு நடப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானின் பத்து கிலோமீட்டர் பிரிவுதான் முதலில் என் குறி. அது சரியாக என் மூக்கு மோசமாக இருக்கும் மாதம். ஆடி மாதத்தில் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்துக்கொண்டு அந்தப் பத்தை ஓடி முடித்தேன். குரூப் 2 முதல்நிலை தாண்டிவிட்டேன், முதன்மைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

மூலிகைப் பக்கம் நான் போகவில்லை, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் இருக்கும் சித்தி மகள் இரண்டு வகை அனுப்பினாள். ஒன்று 'யூ பிங் ஃபெங் சான்', மூன்று மூலிகை சேர்ந்த பொடி, அடிக்கடி சளி பிடிப்பவர்களுக்குச் சீனர்கள் தலைமுறையாகக் கொடுப்பது. இன்னொன்று மூக்கடைப்பு மாத்திரை, அதில் முக்கியச் சரக்கு 'சாங் எர் சி'. அது வேறொன்றுமில்லை, நம் ஊர்த் தரிசு நிலத்தில் துணியில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தங்காய்தான். அதைப் பக்குவம் செய்யாமலோ அளவு மீறியோ சாப்பிட்டால் ஈரலைக் கெடுக்கும். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய என்று கொடுத்த சீன மூலிகைக் கலவையில் ஒன்றுக்குப் பதில் வேறொரு மூலிகை கலந்து, பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. சென்னையில் சீன மூலிகையை முறையாகப் படித்துவிட்டு மருந்து தரும் வைத்தியர் எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டரம்மாவும், "எனக்குத் தெரியாததை உனக்குத் தர மாட்டேன்" என்றார். இரண்டு பாக்கெட்டும் பிரிக்காமல் திரும்பிப் போயின.

இரண்டாவது மார்கழியில் நடக்கும்போது நெஞ்சு இறுகி, மூச்சோடு விசில் சத்தம் வந்தது. டாக்டரம்மா அன்று ஊசி போடவில்லை, உடனே நெஞ்சு மருத்துவரிடம் அனுப்பினார். மூக்கு அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருக்கும். இன்ஹேலர் கொடுத்தார்கள், இன்றும் எடுக்கிறேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் பெரியம்மாவுக்குத் தொடு சிகிச்சை செய்த ஒருவர், "உடம்பு கழிவை வெளியேத்துது, இன்ஹேலரை விட்டுடுங்க" என்று சொல்லி, பெரியம்மா மூச்சுத் திணறி, நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யார் அப்படிச் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியோடு நான் விடாமல் செய்வது உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, கொதிக்கவைத்து ஆறிய பிறகுதான். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை அதற்குப் பிறகு அடிப்பேன், இடது மூக்குக்கு வலது கையால், வலதுக்கு இடது கையால். நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும், ரத்தக்கசிவு வராது. அது முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும், இரண்டு நாளில் விட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பாய்க்கு மாறினேன், விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறேன். இத்தனையும் சேர்ந்ததுதான் என் முன்னேற்றம். அதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், என் கணிப்பில் கால்வாசி இருக்கும். ஆனால் அந்தக் கால்வாசி இல்லாத முந்தைய வருஷங்களில் மாத்திரை மயக்கத்தில் படிப்பு நின்றுபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு அமர்வுக்கு நான் கொடுப்பது 400 ரூபாய். மழைக்கால வாரங்களுக்கு மட்டும் என்பதால் தாங்குகிறது. வருஷம் முழுக்க வரச் சொல்லி மொத்தமாக முன்பணம் கேட்கும் இடங்களும் உண்டு, அங்கே சேர வேண்டாம். இந்தப் புரட்டாசியிலும் பெரம்பூர் போகிறேன். முதன்மைத் தேர்வு மழைக்காலத்தில் வந்தால் என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் இப்போதே கேட்டுவைத்தேன். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வாரம் இரண்டு முறையாக வரச் சொல்லியிருக்கிறார். தூக்கக் கலக்கம் தராத ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரைக்கு மாற்றலாமா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரை அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன்.