பருவுக்கு 3,600 ரூபாய் கட்டினேன், கை வெந்ததுதான் மிச்சம்

கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. என்னென்ன பாத்து ஏமாறாம இருக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

வீடியோவுல டாக்டரைக் காட்டி, மாத்திரையையும் வீட்டுக்கே அனுப்புற ஒரு ஆப். முகப்பருவுக்கு மூணு மாசத்துக்கு 3,600 ரூபாய், முழுசும் முன்னாடியே கட்டணும். டாக்டரம்மா பேசினது நாலு நிமிஷம். "என் தங்கச்சிக்கும் இதேதாம்மா கொடுத்தேன்"னாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். "வேற எதும் பாத்துக்கணுமா மேடம்?"னு நானாத்தான் கேட்டேன். "சாப்பிட்டுட்டுப் போடுங்க, போதும்." வெயில்ங்கிற பேச்சே இல்ல.

வந்தது டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக், 100 மி.கி., தினம் ஒண்ணு. அட்டையைக் கத்தரிச்சு கவர்ல போட்டிருந்தாங்க, விவரச் சீட்டு கிடையாது.

ஒன்பதாம் நாள் அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க அம்மாவோட போனேன். கூட்டத்துல சிக்கி வீடு திரும்ப மதியம் ஆயிடுச்சு. வருஷா வருஷம் படுற அதே சித்திரை வெயில்தான். சாயங்காலம் புறங்கை, மூக்கு, சுடிதார் கழுத்து திறந்திருந்த இடமெல்லாம் தீயா எரிஞ்சுது, மறுநாள் கொப்புளம். வாட்ச் கட்டின இடம் மட்டும் தப்பிச்சுது. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. "பீச்சுன தண்ணியில எவனோ எதையோ கலந்துட்டான்"னு அழகர் கூட்டத்தையே திட்டித் தீத்துட்டாங்க, பாவம்.

இங்க ஒரு தோல் டாக்டர் மாத்திரை அட்டையைப் பாத்ததும் தலையில கை வச்சுக்கிட்டார். ஒவ்வாமை இல்லையாம். மருந்து தோல்ல இருக்கும்போது வெயில்ல உள்ள புற ஊதாக் கதிர் பட்டா தோல் வெந்துபோகுதாம். கறுப்பா இருந்தாலும் வருமாம், ஜன்னல் கண்ணாடி தாண்டியும் அந்தக் கதிர் வருமாம். நகம் சதையை விட்டுத் தூக்கவும் வாய்ப்பிருக்குன்னார். அதுலேருந்து கட்டைவிரல் நகத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருக்கேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார்.

ஆப்ல கேட்டா முதல்ல போட்டோ அனுப்புங்கன்னாங்க. அனுப்பினேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல. அப்புறம் "வெயிலில் சென்றது வாடிக்கையாளரின் தனிப்பட்ட முடிவு"ன்னு செந்தமிழ்ல பதில்! அட்டையைப் பிரிச்சுட்டதால 3,600 ரூபாயும் திரும்ப வராதாம். டாக்டரம்மாகிட்ட பேசணும்னா புதுசா பணம் கட்டணுமாம். கூடவே சன்ஸ்கிரீன் வாங்க 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன். அந்த சன்ஸ்கிரீன் பேச்சை 3,600 ரூபாய் வாங்கின அன்னைக்கே எடுத்திருந்தா என்ன?

சரி, சொல்றேன்னு சொன்னது. எந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் வெயில்ல போலாமான்னு வாய்விட்டுக் கேளுங்க. சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா மாத்திரைகளுக்கும் இந்தக் குணம் உண்டாம். மூணு மாசக் காசை மொத்தமா கட்டாதீங்க. எலிக்காய்ச்சலுக்கும் இதே டாக்ஸிசைக்ளின் கொடுப்பாங்க, என் கதையைப் படிச்சுட்டு அதை நீங்களா நிறுத்திடாதீங்க, வெயில்ல கையை மூடிட்டுப் போங்க.

இன்னும் இருக்கு, களிம்பு போட்ட விரலால இதுக்கு மேல டைப் பண்ண முடியல.