ஃபுல் சர்வீஸ் என்று பில் போட்டார்கள், பழைய ஃபில்டர் அப்படியே இருந்தது

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு பைக் ஓட்டும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். மொழி பிடிபடாத ஊரில், செய்யாத வேலைக்கு பில் போட்டுப் பணம் வாங்குவது ஒரு ஒர்க்ஷாப்புக்கு எவ்வளவு சுலபம் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த வண்டியை நம்பி நெடுஞ்சாலையில் போய்வந்துகொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் கோபம் அடங்க மறுக்கிறது.

என்னுடையது நான்கு சிலிண்டர் வண்டி. 24,000 கிலோமீட்டர் சர்வீஸ் நெருங்கியது. மேனுவலில் அந்த சர்வீஸுக்குப் பெரிய பட்டியலே உண்டு: ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில், செயின், எல்லாவற்றுக்கும் மேலாக டேப்பெட் இடைவெளி பார்ப்பது, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியை அளப்பது. செலவில் பெரும்பகுதி இந்தக் கடைசி வேலைக்குத்தான். டேங்கைக் கழற்றி, ஏர் பாக்ஸை எடுத்து, வால்வு கவரைத் திறந்து, ஒவ்வொரு வால்வுக்கும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். பாகங்களின் விலை கொஞ்சம்தான், கூலிதான் அதிகம்.

தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப். சுத்தமாக இருந்தது, பெரிய போர்டு, வாசலில் நிறைய வண்டிகள். மேனுவலில் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டி, இதெல்லாம் செய்ய வேண்டும் என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையாட்டினார். காலையில் விடுங்கள், மதியம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மதியம் போனால் வண்டி பளபளவென்று கழுவித் துடைத்து நின்றது. பில் அந்த ஊர் மொழியில். போன் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்தேன். நான் கேட்ட அத்தனையும் வரிவரியாக இருந்தது, டேப்பெட் உட்பட.

சில நாட்களிலேயே ஒரு மேம்பாலம் ஏறும்போது வித்தியாசம் தெரிந்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஆர்பிஎம் முள் எகிறுகிறது, வண்டியின் வேகம் மட்டும் கூடவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. அதே வாரத்தில், நிறுத்திய இடத்தில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டும் கிடந்தது.

திரும்பக் கொண்டுபோனேன். ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்று புதிதாக ஒரு தொகை சொன்னார். ஆயில் சொட்டுவதைக் காட்டினேன். வண்டி கொஞ்சம் பழையது, இந்த வயசில் கசிவு இருக்கத்தான் செய்யும் என்று பதில். சர்வீஸுக்கு விடும் முன்பு வழுக்கலும் இல்லை, கசிவும் இல்லை என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

இங்கேதான் வெளிநாட்டில் இருப்பவனின் கஷ்டம் தொடங்குகிறது. ஊரில் என்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார், நாலு பேரிடம் கேட்கலாம், குரலை உயர்த்திச் சண்டையாவது போடலாம். இங்கே வார்த்தைக்கு வார்த்தை போனைத் தட்டி மொழிபெயர்த்துச் சண்டை போட முடியாது. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். புலம்பெயர்ந்தவன் வேலைக்கு லீவு போட்டு அலைய மாட்டான், எப்படியும் கொடுத்துவிட்டுப் போவான் என்ற கணக்கில்தான் இது நடக்கிறது.

பல வருடமாக இந்த நாட்டில் இருக்கும், மொழியும் நன்றாகப் பேசும் ஓர் அண்ணன் எனக்குத் தெரியும். அவரிடம் பில்லைக் காட்டினேன். அவர் அதைச் சரியாகக்கூடப் படிக்கவில்லை. “தம்பி, பில்லை விடு. குனிந்து ஃபில்டரைப் பார்” என்றார்.

என் வண்டியில் ஆயில் ஃபில்டர் வெளியே தெரியும் டப்பா மாதிரியானது. முந்தைய சர்வீஸ் செய்த மெக்கானிக் அதன்மேல் வெள்ளை மார்க்கரால் அப்போதைய கிலோமீட்டரை எழுதியிருந்தார். அதே எழுத்து, அதே எண், அழுக்கு படிந்து அப்படியே இருந்தது. புது ஃபில்டர் போட்டதாக பில்லில் விலையோடு இருக்கிறது!

அண்ணன் தனக்குப் பழக்கமான வேறொரு மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார். ஒவ்வொன்றையும் எங்கள் கண் முன்னால் திறந்தார்கள், நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் கசிவு. ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி சிவப்பு நிற சீலன்ட் பசை அப்பியிருந்தது. எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் எஃகு. அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியப் பக்கத்து மரைதான் போகும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கியிருந்தால் இது நடந்தே இருக்காது. மரை போனதை மறைக்கத்தான் பசை. நசுங்கி அடைக்கும் வாஷரையும் மாற்றவில்லை, பழையதே இருந்தது. அந்த மெக்கானிக் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது. போல்ட் ஓட்டத்தில் கழன்றிருந்தால் மொத்த ஆயிலும் நேராகப் பின் டயருக்கு முன்னால் கொட்டியிருக்கும்.

அடுத்தது ஆயில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியே பிடிக்க வேண்டும். கார்களுக்கு வரும் பல ஆயில்களில், எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் பொருட்களைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது, நனைந்த கிளட்ச்சுக்கு அதுவே எமன். இதற்காகத்தான் ஜப்பானில் 1998-ல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ (ஜப்பானின் வாகனத் தர அமைப்பு) தரம் கொண்டுவந்தார்கள். நனைந்த கிளட்ச் உள்ள வண்டிக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று கேனில் இருக்க வேண்டும். எம்பி என்பது பெரும்பாலான கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் போல, கிளட்ச் ஆயிலில் நனையாத வண்டிகளுக்கு. கேனில் உள்ள ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’, அதாவது எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வகை, என்று இருந்தால் அந்த ஆயில் உங்கள் பைக்குக்கு வேண்டாம். 10டபிள்யூ-40 என்ற எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. அந்த எண் ஆயிலின் தடிமனைத்தான் சொல்கிறது, கிளட்ச்சைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

என் வண்டியில் ஊற்றியது கார் ஆயில். அது பின்னால் அவர்கள் வாயாலேயே வந்தது. ஆக, தாங்களே ஊற்றிய ஆயிலால் வழுக்கிய கிளட்ச்சைக் காட்டி, பிளேட் தேய்ந்துவிட்டது என்று எனக்கே புது செட் விற்கப் பார்த்தார்கள். இரண்டாவது மெக்கானிக் பிளேட்டைத் தொடவே இல்லை. ஆயிலை வடித்து, எம்ஏ2 ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள், மறுபடியும் ஒரு முறை மாற்றுவோம் என்றார். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு வழுக்கல் நின்றுவிட்டது.

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்ததும் பார்த்தது, கருப்புக்கு நெருங்கிய பழுப்பு. புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் கிட்டத்தட்ட நிறமில்லாமல், லேசான மஞ்சளாக இருக்கும். மாற்றியதாக பில் போட்டு, மூடியைக்கூடத் திறக்கவில்லை. இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் வகை. டாட் 4-க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு தரம் எதிர்பார்ப்பதே 155 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி, லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். இதில் பொய் பில் போடுபவனை நான் திருடன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அடுத்தவன் உயிரோடு விளையாடுகிறவன்.

டேப்பெட் வேலை? டேங்க் போல்ட்டுகளின் தலையில் பழைய தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. வால்வு கவர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அரை நாளில் வண்டியைத் திருப்பித் தந்தபோதே பதில் அதில் இருந்திருக்கிறது. டேப்பெட் இடைவெளியை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். ஓட்டி வந்த வண்டி ஆறவே பல மணி நேரம் பிடிக்கும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் முந்தின நாள் மாலையே விட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். ‘சத்தம் வரவில்லையே, டேப்பெட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். இந்தக் கால எஞ்சின்களில் வால்வு மெல்ல மெல்ல அதன் இருக்கையில் அமுங்கி, இடைவெளி பெரும்பாலும் குறைந்துகொண்டேதான் போகும். குறைந்தால் சத்தம் வராது. வால்வு முழுதாக மூடாமல் சூடேறிக் கருகும். என் வண்டியில் உண்மையாகவே அளந்தபோது எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு வால்வுகள் எல்லைக்குக் கீழே இருந்தன.

செயினைத் தொட்டிருந்தார்கள், ஆனால் அதை விறைப்பாக இழுத்து வைத்திருந்தார்கள். எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் 25 முதல் 40 மில்லிமீட்டருக்குள் ஓர் அளவு, அது பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். தொய்வு இல்லையென்றால் செயினோடு கியர் பாக்ஸ் பேரிங்கும் சேர்ந்து அடி வாங்கும்.

படங்களையும், இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த குறிப்பையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு பழைய இடத்துக்குப் போனேன். அவர்கள் மொழியில் ஒருவர் பேசியதும் குரலே மாறிவிட்டது. என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று அண்ணன் கேட்டதற்கு, பெரிய டிரம்மைக் காட்டினார்கள். அதே டிரம்மிலிருந்துதான் பக்கத்தில் நின்ற காருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபில்டர், பிரேக் ஆயில், டேப்பெட் மூன்றுக்கும் வாங்கியதைத் திருப்பித் தந்தார்கள், பையன் மறந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டே. மரை போனதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் அடிப்பாகத்தில் புது மரைச் செருகல் போட்ட செலவு என்னுடையதாகவே ஆகிவிட்டது. அதற்கு நுகர்வோர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

இப்போது வண்டியை விடும் முன்பே நான் சில வேலைகள் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள். ஃபில்டர், டிரெயின் போல்ட், டேங்க் போல்ட், வால்வு கவர் போல்ட் ஆகியவற்றின்மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. போல்ட் திரும்பியிருந்தால் கோடு விலகியிருக்கும். ஓடோமீட்டர், பிரேக் ஆயில் நிறம், ஏர் ஃபில்டர் இவற்றுக்குப் படம். கழற்றிய பழைய பாகங்களை எனக்கே திருப்பித் தர வேண்டும் என்ற வரியை, உள்ளூர் மொழியில் தெரிந்தவர் ஒருவரிடம் எழுதி வாங்கி வேலைச் சீட்டிலேயே சேர்க்கச் சொல்கிறேன். ஆயிலை சீல் உடைக்காத கேனில் நானே வாங்கிக் கொடுக்கிறேன். டேப்பெட் பார்த்தால் ஒவ்வொரு வால்வின் அளவும் எண்ணாக எழுதி வர வேண்டும். அளந்தவனுக்கு எழுத ஒரு நிமிடம் ஆகாது, அளக்காதவன் அங்கேயே தடுமாறுவான். சொந்த நாட்டு வண்டியும் இங்கே விற்கும் வண்டியும் ஒரே பெயரில் இருந்தாலும் பாகங்கள் வேறுபடலாம், அதனால் பாகம் வாங்கும்போது பெயரைச் சொல்லாமல் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். டயர் மாற்றினால் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. மொழி தெரியாதவன் தலையில் கட்டுவதற்கென்றே பழைய ஸ்டாக் சில இடங்களில் காத்திருக்கும்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்றால், சரிசெய்யும் முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கழற்றும்போது வீடியோவும் எடுங்கள், தேதி தெரிய வேண்டும். இரண்டாவது மெக்கானிக்கிடம் என்ன பார்த்தார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் நிற்காது. பணத்தை முடிந்தவரை கார்டில் கட்டுங்கள், ரசீது இல்லாமல் கையில் கொடுத்தால் கொடுத்ததையே மறுத்துவிடுவார்கள். பல நாடுகளில் நுகர்வோர் புகாருக்குத் தனி அலுவலகமும் காலக்கெடுவும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் தேதி பக்கத்தில் இருந்தால், முதலில் போய் அந்தக் கெடுவை விசாரியுங்கள், வண்டியை விற்பதெல்லாம் அப்புறம்.