கைரேகையா, கார்டா? ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு எது சரி

ஆத்தங்குடித் தரைக் கல் செய்யும் எங்கள் பட்டறையில் பூட்டிக் காக்க வேண்டியது ஒரே ஒரு அறை. பித்தளை அச்சுகளும் கலர் பவுடர் மூட்டைகளும் அதில்தான் இருக்கின்றன. கல் போனால் நாளைக்கு வேறு ஊற்றிக்கொள்ளலாம். தாத்தா காலத்து அச்சு போனால் அந்த டிசைனே போய்விடும். ஒரு சாவி, அதற்கு நாலு நகல் என்று இருந்த பழைய ஏற்பாட்டை விட்டு, அந்த அறைக்கு எலக்ட்ரானிக் பூட்டு போட்டோம். முதல் ஒன்றரை வருடம் கைரேகை மெஷின் இருந்தது. இப்போது இரண்டு வருடமாகக் கார்டு. இரண்டையும் வைத்துப் பார்த்ததில் நான் கார்டு பக்கம்தான்.

கைரேகைக்குச் சொல்லப்படும் நல்லதெல்லாம் உண்மைதான். விரலை வீட்டில் மறந்துவிட்டு வர முடியாது, இன்னொருவரிடம் கொடுத்தனுப்பவும் முடியாது. வருகைப் பதிவும் அதிலேயே முடிந்துவிடும். காரைக்குடியில் ஒரு நகைக்கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். எங்கள் வேலை வேறு.

கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலரை ஊற்றி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அள்ளிப் போட்டு அழுத்த வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கை சிமெண்டிலேயே கிடக்கும். ஈரச் சிமெண்ட் கடும் காரம், தோலை அரிக்கும். மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மெஷின் ஒப்பிடுவதோ ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்பதை. கோடே தேய்ந்துவிட்டால் அது எதை ஒப்பிடும்? ரேஷன் கடையில் 'ரேகை விழல' என்று திரும்பி வந்தவர்களுக்கு இது புரியும்.

பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம் எல்லார் விரலும் ஒழுங்காக விழும். பத்து நாள் கலவை தொடாததில் தோல் கொஞ்சம் தேறியிருக்கும். மாதக் கடைசிக்குள் பழைய நிலைதான். எங்களிடம் முப்பது வருடமாக வேலை பார்க்கும் பெரியவர் தினமும் அந்தக் கதவு முன்னால் நின்று, வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். ஒரு நாள், "நம்ம கையை அது கையின்னே ஒத்துக்க மாட்டேங்குது தம்பி" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அந்தக் கையால்தான் இந்தப் பட்டறை நடக்கிறது.

மெஷின் போட்டவரைக் கூப்பிட்டோம். ஒப்பீட்டுக் கண்டிப்பைக் குறைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தது, ஆனால் ஒருவர் விரல் வைத்தால் இன்னொருவர் பெயர் விழுந்தது. கண்டிப்பைக் குறைத்தால் யாரையும் விடும், கூட்டினால் உரியவரையே தடுக்கும். தேய்ந்த விரலுக்கு நடுவில் ஒரு நிலை கிடைக்கவில்லை. மெஷினில் விரல் வைக்கும் கண்ணாடியில் சிமெண்ட் தூசி படிவது, அதைத் துடைக்க ஒரு ஆள், மாதத்துக்கு ஒரு முறை மறுபதிவு என்று பராமரிப்பு வேறு.

கார்டு ரீடருக்குத் துடைக்கிற வேலை கிடையாது. மேலே தூசி படிந்தாலும், ஈரம் இருந்தாலும் ரேடியோ அலை கடந்து போகும். பெரியவர் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை, நெஞ்சை ரீடர் பக்கம் கொண்டுபோய்த் திறந்துகொள்கிறார். தொலைந்தால் அந்த எண்ணை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தால் முடிந்தது. கை மாற்றிக் கொடுப்பார்கள் என்ற குறை உண்டு. பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் அது எங்களுக்குப் பிரச்சினையாகவில்லை. நூறு பேர் உள்ள கம்பெனிக்கு இதையே சொல்ல மாட்டேன்.

ஆனால் கார்டு எல்லாம் ஒன்றல்ல. 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்யும் மலிவான கார்டு, எந்த ரீடர் கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும், சின்னக் கருவியில் நகல் எடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளிலும் மைஃபேர் கிளாசிக் என்ற ரகம் வேண்டாம், எண்ணை மறைத்து வைக்கும் அதன் ரகசியக் குறியீட்டு முறையை ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே உடைத்துவிட்டார்கள். டெஸ்ஃபயர் என்ற ரகத்தைக் கேளுங்கள். ரீடர் அதன் பாதுகாத்த பகுதியைப் படிக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் சீரியல் எண்ணைப் படித்துத் திறக்கும்படி வைத்துவிட்டால் நல்ல கார்டு வாங்கியும் பயனில்லை.

முகம் பார்க்கும் மெஷினை ஒரு வாரம்தான் வைத்துப் பார்த்தேன். கை தேய்ந்தவர்களுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். எங்கள் வாசல் மேற்கு பார்த்தது, சாயங்கால வெயில் நேராக விழுந்தபோது தடுமாறியது. ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பூட்டையும் யோசித்து வாங்க வேண்டும். மேக்னட் பூட்டு கரண்ட் போனால் திறந்துகொள்ளும். 280 கிலோ தாங்கும் மேக்னட் 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். கரண்ட் போனால் தாங்க வைக்கும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி கணக்குக்குத்தான் 14 மணி நேரம், பேட்டரி பழசானால் அதில் பாதிகூட வராது. ஆள் அதிகம் புழங்கும் வாசலுக்கு மேக்னட் பூட்டு சரி, தீ என்றால் கதவு திறந்தாக வேண்டும். அச்சு அறைக்கு, கரண்ட் போனாலும் வெளியே பூட்டியபடியே இருக்கும் ஸ்ட்ரைக் பூட்டு போட்டோம். உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி எப்போதும் வெளியே வரலாம். வெளியிலிருந்து திறக்க ஒரு சாவி உண்டு. நகல் எடுக்கவில்லை. அது வீட்டில் ஆத்தாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.